383 கிலோ எங்கே போகிறது?

2018-இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட ஹோண்டா கோல்டு விங் டூர் மோட்டார் சைக்கிளை, தானியங்கி கியர் வகையாகப் பார்த்து, பெட்ரோல் நிரப்பித் தராசில் ஏற்றினால் 383 கிலோ காட்டும். அதற்கு முந்தைய தலைமுறை 400 கிலோவையும் தாண்டியது. நம் ஊரில் கனமான வண்டி என்று பேர் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு கிளாசிக் சேர்ந்தால் ஒரு கோல்டு விங். இதற்கு மேல் ஓட்டுபவர், பின்னால் ஒருவர், மூன்று பெட்டி நிறையச் சாமான். அரை டன்னைத் தாண்டும் இந்தப் பாரம் இரண்டே சக்கரத்தில் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுகிறது.

பெரிய டூரிங் பைக் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கிளம்பிட்டா வெயிட்டே தெரியாது சார்" என்பார்கள். அதே ஆள், வண்டியை வீட்டு வாசலிலிருந்து பின்னால் தள்ளி எடுக்க வேண்டும் என்றால் நாலு தரம் யோசிப்பார். இரண்டுமே உண்மை, இரண்டையும் கணக்குப் போட்டுக் காட்டலாம். அந்தக் கணக்கிலிருந்து பார்த்தால்தான் இந்த வண்டியின் வடிவம் ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

முதலில் நிற்கிற வண்டி. செங்குத்தாக நின்றால் எடை முழுவதும் டயர் வழியாகத் தரைக்குப் போய்விடும். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கைக்கு வேலையே இல்லை. கொஞ்சம் சாய்ந்தவுடன் கதை மாறுகிறது. வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், நாம் பிடிக்கும் ஹேண்டில் ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 5 டிகிரி சாய்ந்தால் அதைத் தாங்க ஹேண்டிலில் 17 கிலோ விசை வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்குகிற பலம்தான், எவராலும் முடியும். 10 டிகிரியில் 33 கிலோ. 20 டிகிரியில் 65 கிலோ. கிளாசிக் 350-க்கும் இதே உயரங்களை வைத்தால் 10 டிகிரியில் 17 கிலோதான் வரும். சின்ன பைக்கில் கை தவறினாலும் சுதாரித்துக்கொள்ள அவகாசம் இருப்பதும், பெரிய பைக்கில் அந்த அவகாசம் சட்டென்று தீர்ந்துவிடுவதும் இதனால்தான்.

இதில் எடைக்குச் சமமாக இன்னொரு எண்ணும் வேலை செய்கிறது: ஈர்ப்பு மையத்தின் உயரம். அரை மீட்டராக இருப்பது 60 செ.மீ.யாக உயர்ந்தால், 10 டிகிரியில் 33 கிலோவாக இருந்த விசை 40 கிலோ ஆகிவிடும். ஒரு கிலோ எடையைக்கூடக் கூட்டவில்லை. இருக்கிற எடையைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தியதற்கே 7 கிலோ அபராதம். ஆகவே பெரிய டூரிங் பைக்கை வடிவமைப்பவருக்கு முன்னால் இருக்கும் முதல் கேள்வி, கனமான உறுப்புகளை எவ்வளவு தாழ்வாக வைப்பது என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு ஹோண்டா தேடிய விடை 1972-இல் தொடங்குகிறது. தலைமை ஏற்றவர் சோய்ச்சிரோ இரிமஜிரி. 1960-களில் ஹோண்டாவின் பந்தய பைக்குகளுக்கு 125 சி.சி.யில் ஐந்து சிலிண்டர், 250 சி.சி.யில் ஆறு சிலிண்டர் என்று நம்ப முடியாத நுணுக்கத்தில் என்ஜின் வடித்தவர். அவருடைய குழு செய்த சோதனை வண்டியின் பெயர் எம்1. 1,470 சி.சி., ஆறு சிலிண்டர். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று தரைக்கு இணையாகப் படுக்க வைத்தவை. சிலிண்டர்கள் படுத்துவிட்டதால் என்ஜினின் எடை முழுவதும் ஓட்டுபவரின் கணுக்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஆறு சிலிண்டரை இப்படி வைத்ததில் என்ஜின் நீண்டுபோனது, உட்காருபவருக்கு இடம் நெருக்கடியானது. எம்1 விற்பனைக்கு வரவில்லை.

பிறகு தோஷியோ நோசுவே தலைமையில் அதே யோசனை நான்கு சிலிண்டராகச் சுருங்கியது. கியர்பெட்டியை என்ஜினுக்குப் பின்னால் நீட்டாமல் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அடியிலேயே மடக்கி வைத்தார்கள். 1974-இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் ஜி.எல்.1000 என்ற பெயரில் முதல் கோல்டு விங் அறிமுகமானது. 999 சி.சி., தண்ணீரால் குளிரூட்டும் என்ஜின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். பார்த்தவர்கள் கவனிக்காமல் போன ஒரு விஷயம் அதில் இருந்தது. பெட்ரோல் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது வெறும் கூடு; அதற்குள் மின்சாரச் சாமான்கள் போன்றவைதான் இருந்தன. உண்மையான டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. இருபது லிட்டர் பெட்ரோல் பதினைந்து கிலோ எடை; அதை முழங்காலுக்கு மேலே சுமப்பதை விட அடியில் சுமப்பது நல்லது என்று முடிவு செய்திருந்தார்கள். இரு சக்கர வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் இது ஒன்று. அழகுக்குப் பழகிப்போன ஒரு வடிவத்தை வெளியில் விட்டுவைத்து, உள்ளே இயற்பியலுக்கு எது சரியோ அதைச் செய்திருக்கிறார்கள்.

படுத்த சிலிண்டருக்கு இன்னொரு பெரிய லாபம் உண்டு. இப்போதைய கோல்டு விங்கின் என்ஜின் 1,833 சி.சி.; பிஸ்டன் உள்ளும் வெளியுமாகப் போய்வரும் தூரம் 73 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 83 தடவை நின்று, திரும்பி, ஓடி, மறுபடி நிற்கிறது. இரு முனைகளிலும் அது படும் முடுக்கம் சராசரியாகப் புவியீர்ப்பைப்போல 1,000 மடங்கு. அரை கிலோ எடையுள்ள பொருள் அந்தக் கணத்தில் அரை டன் விசையோடு கிராங்கை இழுக்கிறது என்று பொருள். ஒற்றை சிலிண்டர் பைக்கில் இந்த இழுப்பைச் சமன்செய்ய எதிர் எடைகள் வைத்தாலும் மிச்சம் மீதி நடுக்கமாக ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில், கண்ணாடி எல்லாவற்றுக்கும் பரவும். நாள் முழுக்க ஓட்டியபின் விரல் மரத்துப்போவது இதனால்தான். எதிரெதிரே படுத்த ஆறு சிலிண்டரில், இடப்பக்கப் பிஸ்டன் வெளியே போகும்போது அதன் ஜோடியும் வலப்பக்கம் வெளியே போகிறது. இழுப்பும் எதிர் இழுப்பும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஜோடிப் பிஸ்டன்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பதால் ஒரு முறுக்கல் மிஞ்சும். மூன்று ஜோடிகளும் 120 டிகிரி இடைவெளியில் அமைவதால் அதுவும் அடங்கிவிடுகிறது. நான்கு சிலிண்டரில் சிறிதளவு மிஞ்சி நின்ற அந்த முறுக்கல், 1988-இல் வந்த ஆறு சிலிண்டர் கோல்டு விங்கான ஜி.எல்.1500-இல் தீர்ந்தது. எம்1-இன் ஆறு சிலிண்டர் பதினாறு ஆண்டு கழித்துச் சாலைக்கு வந்தது அப்போதுதான்.

இந்த அமைப்பில் ஒரு சிக்கலும் இருந்தது. கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் சுற்றுவதால், நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால் அதன் எதிர்வினையாக வண்டி ஒரு பக்கம் சாயப் பார்க்கும். பழைய பி.எம்.டபிள்யூ. பைக்குகளில் சிக்னலில் நிற்கும்போது இதை உடம்பிலேயே உணரலாம். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: ஒரு டிகிரி கூடினாலும் மூன்று கிலோவுக்கு மேல் விசை ஏறுகிற வண்டியில் இப்படி ஒரு தள்ளல் வேண்டாத வேலை. ஜி.எல்.1000-இல் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைக் கிராங்குக்கு நேர் எதிர்த் திசையில் சுற்ற விட்டார்கள். ஒன்று வலப்பக்கம் உதறினால் மற்றது இடப்பக்கம் உதறும். வண்டி அசையாமல் நிற்கும். பேட்டரிக்கு எப்படியும் ஆல்டர்னேட்டர் வேண்டும், அதற்கே இந்த வேலையையும் கொடுத்துவிட்டார்கள்.

இனி ஓடுகிற வண்டி.

ஓடும் பைக் விழாமலிருப்பதற்குச் சக்கரம் பம்பரம்போலச் சுழல்வதே காரணம் என்று பள்ளிக்கூடத்தில் பலரும் கேட்டிருப்போம். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். சைக்கிளின் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தரையைத் தொடாத இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அதை எதிர்த் திசையில் சுழலவிட்டார். பம்பர விளைவு இப்படிக் கழிக்கப்பட்டபின்னும் சைக்கிளை ஓட்ட முடிந்தது. 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி போய், பம்பர விளைவும் முன்சக்கரம் பின்னால் இழுபடும் விளைவும் இல்லாமலே தானாக நேராக ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்து காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற சங்கதி ஒன்றுதான்: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் திரும்ப வேண்டும். திரும்பினால் டயர்கள் அந்தப் பக்கமாக ஓடி, விழப்போகும் எடைக்கு அடியில் போய் நிற்கும். உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தி வைப்பவர், அது சாயும் பக்கம் கையைக் கொண்டுபோவதும் இதற்காகத்தான்.

வேகம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. கோல்டு விங்கின் இரு சக்கர மையங்களுக்கு இடையே 1,695 மில்லிமீட்டர். முன்சக்கரத்தை ஒரே ஒரு டிகிரி திருப்பினால், சற்றே எளிமைப்படுத்திய கணக்கில், வண்டி 97 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அப்படிப் போனால் டயர்கள் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை முக்கால் கிலோ. 50 கி.மீ. வேகத்தில் அதே ஒரு டிகிரிக்கு 77 கிலோ. வேகம் பத்து மடங்கு, விசை நூறு மடங்கு. வேகத்தின் வர்க்கம் செய்கிற வேலை இது. நின்ற நிலையில் 10 டிகிரி சாய்வுக்கு நம் கையும் காலும் 33 கிலோவோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 50 கி.மீ.யில் விரல் நுனியால் ஒரு டிகிரி தள்ளினால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விசையைச் சாலையே கொடுத்துவிடுகிறது. எடை தெரியவில்லை என்று ஓட்டுபவர் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

அந்த விரல் நுனித் தள்ளலிலும் ஒரு விந்தை உண்டு. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் முன்சக்கரம் கணநேரம் வலப்பக்கம் திரும்பும். டயர்கள் வலப்பக்கம் விலகும். எடை இடப்பக்கம் சாயும். அதன்பின் சக்கரம் தானே இடப்பக்கம் திரும்பி வளைவில் நுழையும். இதைக் கவுண்டர் ஸ்டீரிங் என்பார்கள். விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட் இதைக் கவனித்திருந்தார். சைக்கிள் ஓட்டுபவர்களிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று அவர் விசாரித்ததில், தாங்கள் செய்வதைச் சரியாகச் சொன்னவர் யாருமில்லை. 60 கிலோ பைக்கில் இடுப்பை ஆட்டினாலே வண்டி திரும்பிவிடும், அதனால் இந்த ரகசியம் தெரியாமலே காலம் தள்ளலாம். 383 கிலோவை இடுப்பால் ஆட்ட முடியாது. கைப்பிடியைத் தள்ளத் தெரியாதவர் பெரிய பைக்கில் வளைவை நம்பி நுழைய முடியாது, குறுக்கே வந்த மாட்டுக்கு விலக முடியாது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் வெளியான அறிக்கை, விபத்தில் சிக்கியவர்களிடம் கவுண்டர் ஸ்டீரிங் செய்து விலகும் திறன் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று சொன்னது. பெரிய பைக் வாங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், கடன் கணக்கு போடுவதற்கு முன் ஒரு காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் போய் இடது கைப்பிடியை மெல்லத் தள்ளிப் பாருங்கள், பிறகு வலது கைப்பிடியைத் தள்ளிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். 2025-இல் இந்தியாவில் இந்த வண்டியின் விலை 40 இலட்சம் ரூபாயை ஒட்டி நின்றது. அந்தப் பயிற்சிக்குச் செலவு எதுவுமில்லை.

நிற்பதும் வேகமும் தெளிவாகிவிட்டன. ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 8 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 15 கி.மீ. வேகத்தில் எடுத்தால் வண்டி ஏறத்தாழ 12 டிகிரி சாய்ந்திருக்கும். எதிரே பஸ் வருகிறது, ஓட்டுபவர் பதறிப்போய் முன் பிரேக்கைப் பிடிக்கிறார், அல்லது கிளட்ச் உள்ள வகையில் என்ஜின் அணைந்துவிடுகிறது. வேகம் பூஜ்ஜியத்துக்கு வந்த கணத்தில் டயரின் பக்கவாட்டு விசையும் பூஜ்ஜியம். அதுவரை சாலை சுமந்துகொண்டிருந்த சாய்வு, வண்டியின் எடைக்கு மட்டும் 40 கிலோவாக ஓட்டுபவரிடம் வந்து சேர்கிறது; அவருடைய உடம்பும் அதே பக்கம் சாய்ந்திருக்கிறது. காலை ஊன்றலாம் என்றால், வளைவின் உட்பக்கம் சாலை சரிந்து இறங்குகிறது. வழக்கமாகத் தரை இருக்கும் உயரத்தில் தரை இல்லை. பெரிய பைக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் விழுகின்றன. அதிவேகத்தில் அல்ல, நடை வேகத்தில்.

அனுபவசாலிகள் இங்கே செய்வதைக் கவனித்தால் கணக்கு கண்ணுக்குத் தெரியும். வேகம் குறையாமல் என்ஜினை இழுவையில் வைத்திருப்பார்கள். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, பார்வையை வளைவு முடியும் இடத்தில் நிறுத்துவார்கள். முன் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். தானியங்கி கியர் இந்த வண்டிக்கு ஒரு சொகுசு என்று நினைப்பவர்கள் உண்டு. கொண்டை ஊசியில் என்ஜின் அணையாது என்ற ஒரு காரணமே அதற்குப் போதும் என்பது என் கருத்து. ரிவர்ஸ் கியரும் அப்படியே. ஜி.எல்.1500-இல் ஸ்டார்ட்டர் மோட்டாரைக்கொண்டே பின்னால் நகர்த்தும் வசதி வந்தது. இப்போதைய வண்டி மணிக்கு 2 கி.மீ.க்கும் குறைந்த வேகத்தில் முன்னும் பின்னும் ஊர்கிறது. சரிவில் முன்பக்கம் கீழாக நிறுத்திய 383 கிலோவைக் காலால் உந்திப் பின்னேற்ற எவராலும் முடியாது.

விழுந்தேவிட்டால்? 20 டிகிரியைத் தாண்டிப்போகும் வண்டியை இழுத்துப் பிடிக்கப் போய் முதுகெலும்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், விட்டுவிடலாம். பக்கவாட்டுக் கம்பிகள் தாங்கிக்கொள்வதால் கோல்டு விங் முழுக்கப் படுத்துவிடாது. தூக்கும்போது வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்பைச் சீட்டில் அணைத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, சிறு சிறு அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். வேலையைத் தொடை செய்யும், முதுகு செய்யாது. வலப்பக்கம் விழுந்த வண்டியென்றால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும்.

125 குதிரைசக்தி எதற்கு என்ற கேள்விக்கும் எடைதான் பதில். சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் சீராகப் போக, காற்றையும் உருளல் தடையையும் சேர்த்து 13, 14 குதிரைசக்தி போதும். இருவரும் சாமானுமாக 530 கிலோ ஆன வண்டி, லாரியை முந்த 80-இலிருந்து 120-க்கு நான்கு நொடியில் எட்ட வேண்டுமானால் வேகத்தைக் கூட்டுவதற்கு மட்டுமே 55 குதிரைசக்தி வேண்டும். காற்றுத் தடைக்கு மேலும் பதினைந்து, இருபது. ஏற்றம் வந்தால் அதற்குத் தனி. மிச்சமிருப்பது கையிருப்பு.

கூட்டிய வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். வழக்கமான ஃபோர்க்கில் ஹேண்டில் திருப்புவது, பள்ளத்தைத் தாங்குவது, பிரேக் விசையைத் தாங்குவது மூன்றையும் இரண்டு குழாய்களே செய்கின்றன. இவ்வளவு எடை முன்னால் பாயும்போது குழாய்கள் அமுங்கி, வளைந்து, இறுகி, பள்ளத்தைத் தாங்க மறுக்கும். 2018-இல் ஹோண்டா ஃபோர்க்கைக் கைவிட்டு, கார்களில் இருப்பதுபோல் இரட்டைக் கைகளில் முன்சக்கரத்தைத் தொங்கவிட்டது. பள்ளத்தின் உதறல் ஷாக் அப்சார்பருக்குப் போகிறது, ஹேண்டிலுக்கு வருவது குறைகிறது. நார்மன் ஹொசாக் என்ற பொறியாளர் 1970-களின் இறுதியிலேயே இந்த வழியைச் செய்து காட்டியிருந்தார். பெரிய நிறுவனங்கள் அதற்கு வந்துசேர வெகுகாலம் ஆனது.

கடைசியாகச் சாமான். பின்பக்கப் பெட்டியில் 20 கிலோவை ஏற்றினால் ஈர்ப்பு மையம் இரண்டரை சென்டிமீட்டர்தான் உயரும்; நிற்கும்போது 10 டிகிரி சாய்வில் அந்த உயரத்தால் கூடுவது இரண்டு கிலோகூட இல்லை. அதனால் பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. தீங்கு வேகத்தில்தான் தெரியவரும். 1971-இல் ராபின் ஷார்ப் மோட்டார் சைக்கிளின் இயக்கத்தைச் சமன்பாடுகளில் எழுதியபோது, வண்டி முழுவதும் பாம்புபோல நெளியும் ஒரு அசைவைக் கண்டறிந்தார். நொடிக்கு இரண்டு முதல் நான்கு தடவை நிகழ்வது. பின் அச்சுக்குப் பின்னால், உயரத்தில் எடை கூடக்கூட இந்த நெளிவு அடங்க மறுக்கிறது. கருவிப் பை, தண்ணீர், ஷூ போன்ற கனமானவை பக்கப் பெட்டிகளின் அடியில் போக வேண்டும். மழைக்கோட்டும் போர்வையும் பின்பெட்டிக்கு.

அத்தனை எடையும் போய்ச் சேரும் இடம் டயர். இருவரும் சாமானும் ஏறிய வண்டியின் பின்சக்கரத்தில் 290 கிலோ என்றால், 41 பி.எஸ்.ஐ. காற்றில் அது தரையைத் தொடும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், ஒரு உள்ளங்கை. முன்சக்கரத்துக்கு 36 பி.எஸ்.ஐ. இந்த அளவுகள் ஓடாத, குளிர்ந்த டயருக்கானவை. காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 36 வைத்துக் கிளம்பினால், மதியம் டயர் 55 டிகிரிக்குச் சூடேறும்போது அழுத்தமானி 40 காட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் பங்க்கில் காற்றை இறக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இறக்கினால் மறுநாள் காலை டயரில் 32-தான் இருக்கும், வண்டியின் எடையோ அதே எடைதான்.